அட்டை ராக்கெட் படங்களை ரசித்துப் பார்ப்பது எப்படி

ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, 1980களில் குறைந்த செலவில் எடுத்த ஏதோ ஒரு ரோபோ சண்டைப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்க்கிறவர்கள் வேலூரில் நிறையப் பேர் உண்டு. சத்துவாச்சாரியில் இருக்கிறார்கள், காட்பாடியில் இருக்கிறார்கள், குடியாத்தத்திலும் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் டீக்கடையில் கேட்டால் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள், நியூஸ் பார்த்தேன் என்பார்கள். அந்தப் படங்களை ஒளித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. நல்லதாகத் தேர்ந்தெடுத்து, தோதான ஆட்களோடு உட்கார்ந்து, எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்து பார்த்தால், கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படங்களில் கிடைக்காத ஒரு சந்தோஷம் இதில் கிடைக்கும். அதற்கு என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, கிண்டல் பண்ணுவதற்காகப் பார்க்கிற பழக்கத்தை விடுவது. பின்னால் இருக்கிற மலை அட்டை என்று தெரிகிறது, பூதத்தின் முதுகில் ஜிப் தெரிகிறது, லேசர் துப்பாக்கி தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தால் பத்து நிமிஷம் நன்றாகப் போகும், அப்புறம் அலுத்துவிடும், மீதி ஒரு மணி நேரம் போனை நோண்டிக்கொண்டு இருப்பீர்கள். அட்டை என்று கண்டுபிடிப்பதில் ஒன்றும் கெட்டிக்காரத்தனம் இல்லை, எடுத்தவர்களுக்கே அது அட்டை என்று தெரியும். கையில் இருந்தது இவ்வளவுதான் காசு, அதை வைத்துக்கொண்டு ஒரு கிரகத்தையே காட்டியாக வேண்டும், என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியோடு உட்காருங்கள். படம் முழுக்க அதற்குப் பதில் வந்துகொண்டே இருக்கும்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்தப் பார்வையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, நமக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்கள்தானே நாம்? இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குப் பின்னால் கால் சலங்கை கேட்கும், துணியை விலக்கியதும் துரியோதனன் சபை வந்துவிடும். போட்டிருப்பது ஒரே ஒரு பெஞ்சு. கிரீடமும் புஜக்கட்டையும் மரம், மேலே கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கும். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு ஒரு மரத்தை நட்டுவைத்து அதில் ஏறுவார், கீழே நிற்கிற ஜனத்துக்கு அது கயிலாயம், பக்தியோடு கையெடுத்துக் கும்பிடுவார்கள். படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைப் பார்த்து, இது வெறும் மண்தானே என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மரம் என்றும் தெரியும், கயிலாயம் என்றும் தெரியும், இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் ஆடுகிறவரின் திறமையே நமக்குப் புரியும். அதே கண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அட்டை ராக்கெட் முன்னால் உட்காருங்கள்.

எந்தப் படத்தை எடுப்பது

இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். யூடியூபில் முதலில் வருகிற ஏதோ ஒன்றைப் போட்டு, அது குப்பையாக இருந்து, இந்த வகைப் படமே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மலிவான படங்களிலும் நல்லது உண்டு, கெட்டது உண்டு, இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

1970களின் பாதியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை எடுத்ததாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் பூதம் வேண்டும் என்றால் ரப்பரில் செய்தார்கள், விண்கலம் வேண்டும் என்றால் பொம்மைக் கடை பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்தார்கள், வெடிக்க வேண்டும் என்றால் உண்மையாகவே எதையாவது வெடித்தார்கள். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. மலிவு கிராபிக்ஸ் பழசானால் பார்க்கவே சகிக்காது, மலிவு ரப்பர் பழசானாலும் அது ஒரு பொருளாகக் கண்ணெதிரே நிற்கிறது, வெளிச்சம் அதன் மேல் விழுகிறது, நடிகர் அதைத் தொட்டு உதைக்கிறார். நான் எப்போதும் ரப்பர் பக்கம்தான்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். காசு இல்லாதவன் படத்தை இழுத்தால் அது வெறும் நடையும் பேச்சுமாகத்தான் இருக்கும். கதையை ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். ஊரே சிறைச்சாலை, அதற்குள் போய் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்: இது போதும். மூன்று கிரகம், நான்கு ராஜ வம்சம், ஒரு தீர்க்கதரிசனம் என்று போனால், இருக்கிற காசை அத்தனைக்கும் பிய்த்துப் போட்டிருப்பார்கள், ஒன்றும் உருப்படியாக வந்திருக்காது.

வேண்டுமென்றே மோசமாக எடுக்கிற படங்களைத் தொடவே தொடாதீர்கள். பெரிய படம் வருகிற நேரத்தில் அதே மாதிரிப் பெயரில் ஒன்றை இறக்கிவிடுகிற வியாபாரம் ஒன்று உண்டு. 2007-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வந்தபோது 'டிரான்ஸ்மார்ஃபர்ஸ்' என்று ஒன்று வந்தது, பெயரைப் பார்த்தாலே எதற்காக எடுத்தார்கள் என்று விளங்கிவிடும். இன்னொரு வகை, நாங்கள் மோசமாக எடுக்கிறோம் பார் என்று சொல்லிக்கொண்டே எடுப்பது. முயற்சியே செய்யாதவனை ரசிக்க என்ன இருக்கிறது? நாம் தேடுவது, கையில் பத்து ரூபாய் வைத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய்க் காட்சியை எடுத்தே தீருவது என்று நின்றவர்களை.

எந்த வரிசையில்

தொடங்குவதற்கு 'தி டெர்மினேட்டர்' முதல் பாகம், ஜேம்ஸ் கேமரூன் எடுத்தது, 1984. இது மலிவுப் படமா என்று கேட்பீர்கள். இரண்டாம் பாகம்தான் பெரிய செலவு, முதல் பாகத்துக்கு ஆனது சுமார் 64 லட்சம் டாலர், அன்றைய ஹாலிவுட் கணக்குக்கு அது சின்னக் காசு. நீங்கள் எத்தனையோ முறை பார்த்த படமாக இருக்கலாம், இந்த முறை காசுக் கணக்கோடு பாருங்கள். ஏன் முக்கால்வாசிப் படமும் ராத்திரியில் நடக்கிறது? இருட்டு இருந்தால் பெரிதாக எதையும் கட்டிக் காட்ட வேண்டாம், தெருவிளக்கும் ஈரமான ரோடும் போதும். எதிர்காலத்திலிருந்து வருகிறவன் ஏன் துணி கூட இல்லாமல், ஆயுதம் இல்லாமல் வருகிறான்? கதைக்குள் அதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், கூடவே இன்னொன்றும் நடந்துவிடுகிறது, அவன் கையில் இருக்கிற துப்பாக்கி, ஓட்டுகிற வண்டி எல்லாமே கடையில் கிடைக்கிற சாதாரணச் சாமான் ஆகிவிடுகிறது. கால இயந்திரத்தை அந்தப் பாகத்தில் காட்டவே இல்லை. ஒரு நீல மின்னல், புகை, நடுவில் குனிந்து உட்கார்ந்திருக்கிற மனிதன், அவ்வளவுதான், நாம் நம்பிவிடுகிறோம்.

கடைசியில் மனித உருவத்தில் வந்த அந்தக் கொலைகார ரோபோ, தோலெல்லாம் எரிந்து வெறும் உலோக எலும்புக்கூடாக எழுந்து வருமே, அங்கே டீயைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். கிட்டத்தில் தெரிவது ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த பெரிய பொம்மை. தூரத்தில் முழு உருவமாக நடந்து வருவது ஒரு சின்ன பொம்மை, ஒவ்வொரு பிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தது. அதனால் நடை வெட்டி வெட்டி வரும். இன்றைக்கு அதைக் கம்ப்யூட்டரில் வழுவழுப்பாக நடக்க வைக்கலாம், ஆனால் அந்த வெட்டு நடையில்தான் இது மனிதனே இல்லை என்கிற பயம் வருகிறது. பிராட் ஃபீடலின் அந்தத் தடதட இசைக்குத் தாளம் போட்டுப் பாருங்கள், ஆதியிலும் நிற்காது ரூபகத்திலும் நிற்காது, 13 எண்ணிக்கையில் சுற்றுகிறது. தாளம் போடத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை அன்றைக்குக் கட்டாயம் கூட உட்கார வையுங்கள்.

அடுத்தது ஜான் கார்பென்டரின் 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்', 1981. செலவு சுமார் 60 லட்சம் டாலர். நியூயார்க் முழுக்கச் சிறைச்சாலை ஆகிவிட்டது என்று கதை, ஆனால் பாழடைந்த நியூயார்க்கை எங்கே போய்த் தேடுவது? மிசிசிப்பி ஆற்றங்கரையில் செயின்ட் லூயிஸ் பக்கம், 1976-ல் தீப்பிடித்துப் பல தெருக்கள் பாழாகிக் கிடந்த இடம் இருந்தது, அங்கே போய் எடுத்தார்கள். கடைசித் துரத்தலுக்கு ஒரு பாலம் வேண்டும், பயன்படாமல் கிடந்த பழைய பாலம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கி, படம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இந்தப் படத்தில் உயிரான இடம் வேறு. நாயகன் கிளைடரில் நகரத்துக்குள் இறங்கும்போது முன்னால் ஒரு கம்ப்யூட்டர் திரையில் கட்டடங்கள் எல்லாம் வெறும் கோடுகளாகத் தெரியும். அந்தக் காலத்தில் அப்படி ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும் என்றால் இவர்களிடம் இருந்த காசுக்கு நினைத்தே பார்க்க முடியாது. ஒரு நகரத்தைப் பொம்மையாகச் செய்து, கறுப்பு அடித்து, ஓரங்களில் எல்லாம் பளபளக்கிற டேப்பை ஒட்டி, கேமராவை அதற்கு நடுவே ஓட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதைக் கத்தரிக்கோலும் டேப்பும் செய்துவிட்டது. இந்தக் காட்சியை நிறுத்தி, திரும்ப ஓட்டி, கூட இருக்கிறவர்களிடம் இது எப்படி எடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள், விடையைக் கடைசி வரை சொல்லாதீர்கள்.

இந்த இரண்டும் பிடித்துவிட்டால் அடுத்த படி இறங்கலாம், ரோஜர் கார்மன். 2024-ல் 98 வயதில் காலமானார். வாழ்நாள் முழுக்க மலிவாகப் படம் எடுத்தவர், எடுத்த மிச்சத்தையும் விடாமல் திரும்பப் பயன்படுத்தியவர், அவரிடம் கூலிக்கு வேலை பார்த்துவிட்டு அப்புறம் பெரிய ஆளானவர்கள் பட்டியல் நீளம். கேமரூன் அதில் ஒருவர். 1980-ல் வந்த 'பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' படத்துக்கு 20 லட்சம் டாலர் செலவு, கலை இயக்கம் கேமரூன், இசை ஜேம்ஸ் ஹார்னர், இரண்டு பேருமே அப்போது பேர் தெரியாத இளைஞர்கள். அந்தப் படத்தின் விண்வெளிச் சண்டைகளையும் இசையையும் கார்மன் 1983-ல் 'ஸ்பேஸ் ரெய்டர்ஸ்' என்ற படத்தில் மறுபடி ஓட்டினார். இரண்டையும் அடுத்தடுத்த நாள் போட்டுப் பாருங்கள், எந்த ஷாட் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதே தனிச் சுகம்.

1981-ல் கார்மன் தயாரித்த 'கேலக்ஸி ஆஃப் டெரர்' படத்தில் விண்கலத்தின் சுவர்களை உற்றுப் பாருங்கள். சதுரம் சதுரமாக, புடைப்பு புடைப்பாக, ஏதோ இயந்திரம் மாதிரி தெரியும். பர்கர் வைத்துக் கொடுக்கிற ஃபோம் டப்பாக்களைத் திறந்து வரிசையாகச் சுவரில் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதுவும் கேமரூன் வேலைதான். ஆனால் இந்தப் படத்தைத் தனியாகவோ பெரியவர்கள் மட்டுமோ பாருங்கள், குழந்தைகள் முன்னால் போடவே கூடாத ஒரு காட்சி இதில் இருக்கிறது. பொதுவாகவே இந்த வகையில் பல படங்களில் ரத்தமும், அரைகுறை ஆடையும், திடீரென்று வரும். வீட்டில் எல்லாரோடும் உட்காரும் முன் ஒரு தடவை நீங்கள் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. டெர்மினேட்டருக்கும் அதே எச்சரிக்கை.

அப்புறம் 'சைபார்க்', 1989, ஆல்பர்ட் ப்யூன் இயக்கியது, ழான்-கிளாட் வான் டாம் நடித்தது. இதன் பிறப்பே ஒரு கதை. கேனன் என்ற கம்பெனி இரண்டு பெரிய படங்களுக்கு, அதில் ஒன்று ஸ்பைடர்மேன், செட்டும் உடையும் தயார் செய்துவிட்டது, அப்புறம் காசு இல்லாமல் இரண்டுமே நின்றுபோனது. செய்து வைத்த சாமானை என்ன பண்ணுவது? ப்யூன் அதை வைத்தே ஒரு கதை எழுதி, சுமார் 5 லட்சம் டாலரில் ஒரு படத்தை முடித்துவிட்டார். முதலில் உடை, அப்புறம் கதை. பார்க்கும்போது எந்த உடை எதற்காகத் தைத்ததாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள், கதையில் இருக்கிற ஓட்டை எதுவும் கண்ணுக்கே தெரியாது.

'மேட் மேக்ஸ்' முதல் பாகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1979, ஆஸ்திரேலியா. இயக்கிய ஜார்ஜ் மில்லர் அவசரச் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்த டாக்டர். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களை ராத்திரி பகலாகப் பார்த்த கண் அது, அதனால்தான் அந்தப் படத்தில் வண்டி மோதினால் நமக்கு வலிக்கிறது. ஆரம்பத் துரத்தலில் நொறுங்குகிற வேன் அவருடைய சொந்த வேன். சி.எம்.சி. இருக்கிற ஊரில், வீட்டுக்கு ஒருத்தர் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிற ஊரில், இந்தப் படத்தை நர்ஸ் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தால் நீங்கள் கவனிக்காத பத்து விஷயம் அவர் சொல்வார்.

கடைசியாக, எல்லாம் பார்த்துத் தேறிய பிறகு மட்டும், துருக்கியில் 1982-ல் வந்த 'துன்யாயி குர்தாரான் ஆதாம்'. உலகத்தைக் காப்பாற்றிய மனிதன் என்று அர்த்தம். ஸ்டார் வார்ஸ் படத்திலிருந்து காட்சிகளை அப்படியே உருவிப் பின்னால் ஓட்டி, முன்னால் ஹெல்மெட் போட்ட ஜுனெய்த் அர்கின் விமானம் ஓட்டுவார். திருட்டுத்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அர்கின் உடம்பைப் பாருங்கள், அத்தனை குதியும் உருளலும் அவரே செய்தது, ஒரு பெரிய ஸ்டார் இவ்வளவு உழைத்திருக்கிறார். முதல் படமாக இதைப் போட்டால் புதிதாக வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள், அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

டப்பிங்கா, சப்டைட்டிலா

முதல் முறை தமிழ் டப்பிங். இந்தப் படங்களில் வசனம் ரொம்ப எளிது, ஓடு, குனி, அவன் வருகிறான், நான் யார் தெரியுமா என்கிற அளவுதான், எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் ஓரத்தில் நடக்கிற வேலையெல்லாம் போய்விடும். நல்ல டப்பிங் என்றால் குரல் கொடுக்கிறவர் வில்லனை நம்பிப் பேசியிருப்பார். தமிழ் சினிமா காமெடி வசனங்களை நடுவில் திணிக்கிற டப்பிங் ஒன்று சுற்றுகிறது, அது வேண்டாம், எடுத்தவன் பட்ட பாட்டைக் கெடுத்துவிடும். பிடித்த படமாக இருந்தால் இரண்டாம் முறை மூல ஒலியில் பாருங்கள், பின்னணி இசையும் சத்தங்களும் டப்பிங்கில் அமுங்கிப் போயிருக்கும்.

எங்கே, யாரோடு

வேலூரில் மே மாதம் என்றால் மொட்டை மாடிதான். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி எட்டு மணிக்கும் சுட்டுக்கொண்டிருக்கும், அதனால் பொழுது சாயும்போதே நான்கைந்து குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், ஒன்பது மணிக்குப் பாய் விரிக்கலாம். சின்ன புரொஜெக்டர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். திரைக்குத் தண்ணீர்த் தொட்டிச் சுவர் வெள்ளையடித்திருந்தால் போதும், இல்லை என்றால் நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, நான்கு முனையிலும் செங்கல் கட்டி இறக்குங்கள், காற்றுக்கு ஆடாது. படம் இருட்டாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள், தெருவிளக்கு நேராக விழுகிற பக்கம் திரையைக் கட்டினால் டெர்மினேட்டரில் பாதி தெரியவே தெரியாது. சத்தத்தில் மட்டும் ஜாக்கிரதை. சி.எம்.சி. சுற்றுவட்டாரத்தில் லாட்ஜ்களில் எங்கெங்கோ இருந்து வந்த நோயாளிகளும் கூட வந்தவர்களும் படுத்திருப்பார்கள், அந்தப் பக்கம் வீடு இருந்தால் ஸ்பீக்கர் வேண்டாம், வீட்டுக்குள் டி.வி.யிலேயே பாருங்கள்.

ஐந்தாறு பேர் சரியான கூட்டம். கூட்டத்தில் தச்சு வேலை, வெல்டிங், தையல், பெயின்டிங், இதில் ஏதாவது கை வேலை தெரிந்தவர் ஒருத்தராவது இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சினிமா நிறையப் பார்த்தவரைவிட அவர் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும், இது ஃபைபர், இது தகரத்தை வளைத்தது, இது பாலிஷ் போட்ட பி.வி.சி. என்று சொல்லிக்கொண்டே போவார், மற்றவர்களும் திரையை வேறு மாதிரி பார்க்க ஆரம்பிப்பார்கள்.

இந்தப் படங்களுக்கு இடைவேளை கிடையாது, நீங்களே விட வேண்டும். நாயகன் செமத்தியாக அடிவாங்கிச் சரிகிற இடம் நடுவில் ஒன்று கட்டாயம் வரும், அங்கே நிறுத்துங்கள். டீயும், வறுத்த வேர்க்கடலையும், ஆற்காடு மக்கன் பேடா ஆளுக்கு ஒன்றும் போதும். படத்துக்கு முன்னால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், அதுவும் ஆம்பூர் பிரியாணி என்றால் இரண்டாவது ரீலில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள்.

நம்ம படங்கள்

ஹாலிவுட்டோடு நிறுத்திவிடக் கூடாது. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த 'காடு', ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', அதில் அழிந்துபோன மாமூத் யானைகள் திரும்ப வருகின்றன. மாமூத்துக்கு எங்கே போவது? உண்மையான யானைக்கு நீள மயிர்ப் போர்வையைப் போர்த்திவிட்டார்கள். எனக்கு அந்த யோசனை இன்றைக்கும் பிரமிப்புதான், கையில் யானை இருக்கிற நாட்டில் எதற்குப் பொம்மை செய்ய வேண்டும்? 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'. வேற்றுக் கிரகத்தில் கலை வளர்க்க ஆளில்லை என்று பூமியிலிருந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போய் மீட்கிறார். மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு ஆறு வருஷம் முன்னால் கோடம்பாக்கத்தில் இதை யோசித்திருக்கிறார்கள். 1989-ல் வேலு பிரபாகரன் எடுத்த 'நாளைய மனிதன்', செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கிற கதை, அஜய் ரத்னத்தின் உயரத்தையே பெரிய ஸ்பெஷல் எஃபெக்டாக ஆக்கியிருப்பார்கள், கேமராவைத் தாழ்த்தி வைத்தாலே போதும், பயம் வந்துவிடும். சக்தி சௌந்தர் ராஜனின் 'டிக் டிக் டிக்', 2018, விண்கல் எண்ணூரில் விழுகிறதில் தொடங்கும். ஹாலிவுட் படத்தோடு ஒப்பிட்டுக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர், கையில் இருந்த காசுக்கு எத்தனை ஷாட் விண்வெளியில் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

பிள்ளைகள் கூட இருந்து பார்த்து, விண்கல், கிரகம் என்று கேள்வி கேட்க ஆரம்பித்தால் காவலூர் இருக்கிறது. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில், 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986 முதல் இயங்குகிறது, பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே உண்மையான விண்வெளி.

பார்த்து முடித்த பிறகு

படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ஆளுக்கு ஒரு ஷாட்டைச் சொல்லி, அதைத் திரும்ப ஓட்டி, எப்படி எடுத்தார்கள் என்று பேசுங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது. முடிந்தால் மறுநாள் ஒன்றைச் செய்தே பாருங்கள். தொடங்குவதற்குச் சுலபமானது அந்த நியூயார்க் காட்சி. குடியாத்தம் பக்கம் என்றால் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை, ஐம்பது அறுபது காலிப் பெட்டிகளைச் சேர்த்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, உயரம் கூட்டிக் குறைத்துக் கட்டடங்கள் ஆக்குங்கள். எல்லாவற்றுக்கும் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடியுங்கள், பளபளத்தால் காரியம் கெட்டுவிடும். பைக்குக்கு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுகிற கடையில் வெட்டிப்போட்ட மிச்சத் துண்டுகளைக் கேளுங்கள், சும்மாவே தருவார்கள், மெல்லிய கீற்றுகளாக வெட்டிப் பெட்டிகளின் ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். கறுப்புச் சார்ட் பேப்பர் மேல் தெரு மாதிரி வழிவிட்டு அடுக்கி, அறையை இருட்டாக்கி, போனின் சொந்த டார்ச்சையே போட்டுக்கொண்டு வீடியோ எடுங்கள், வெளிச்சம் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து போனால்தான் ரேடியம் திருப்பி அடிக்கும். கையால் பிடித்தால் ஆடும், அதனால் போனை ஒரு பொம்மைக் காரின் மேல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, நூல் கட்டி மெதுவாக இழுங்கள், நேராகப் போகும்.